மிகுந்த ஒளியும் குறைந்த நேரமும்

பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருப்பதுண்டு. அதன் அடியில், சரிகை நைந்த புடவைக்கும் ஜாதகக் கட்டுக்கும் நடுவே, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் சில கிடக்கும். ஊரில் விட்டு வந்த பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருப்பார். தெப்பக்குளத்தின் படிகளில் பிள்ளைகள் வரிசையாக நிற்பர். அவற்றுள் ஒன்றிரண்டு படங்களில் பாட்டனாரின் வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைத் திட்டாகத் தோன்றும். நெற்றியும் நெற்றியில் இட்ட திருநீறும் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும். "வெயில் அதிகம்" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த படத்தை எடுத்துப் பார்ப்போம். அவ்வாறு ஒளி மிகுதியாகப் புகுந்துவிட்ட தட்டையோ பிலிமையோ, பின்னர் இருட்டறையில் கழுவும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் காப்பாற்றிவிட முடியுமா என்ற கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெரிய வழக்காகவே நடந்தது. கைப்பழக்கத்தை நம்பியவர் ஒரு கட்சி. அளவுகோலை நம்பியவர் மறு கட்சி. அந்த வழக்கின் வரலாற்றையே இங்குச் சொல்ல எண்ணுகிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சொல்லைத் தாண்டிப் பொருளுக்குப் போவது அவ்வளவு எளிதன்று. கலைச்சொல் பட்டியல்கள் 'உருத்துலக்கல்' என்கின்றன; ஸ்டுடியோவில் வேலை செய்பவர் 'டெவலப் பண்ணுவது' என்கிறார்; ஊரில் நாம் 'பிலிம் கழுவுவது' என்போம். மூன்றும் ஒன்றே. ஆயினும் 'கழுவுவது' என்ற சொல் சிறிது ஏமாற்றக் கூடியது. ஏற்கெனவே உள்ள படத்தின் மேல் படிந்த அழுக்கை நீக்குவது போன்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. உண்மையில், காமிராவிலிருந்து எடுத்த பிலிமில் கண்ணுக்குத் தெரியும் படம் எதுவும் இல்லை. ஜெலட்டினில் பதிந்துள்ள வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களில் ஒளி பட்ட இடத்தில் ஓர் அடையாளம் மட்டுமே விழுந்திருக்கிறது. உருத்துலக்கும் நீர் அந்த அடையாளம் பெற்ற படிகங்களைக் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. எவ்வளவு நேரம் அந்த நீரில் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கறுப்பு ஏறும். ஒளி மிகுந்த இடங்கள் நெகடிவில் கறுத்துத் திரளும். நிழல்கள் மெலிந்து நிற்கும். ஆகவே, ஒளி மிகுதியாகப் புகுந்துவிட்ட பிலிமைச் சீக்கிரமாக வெளியே எடுத்துவிட்டால் கறுப்பு அளவோடு நிற்குமே என்று யாருக்கும் தோன்றுவது இயல்பே.

தொடக்க காலத்தவர்க்கு இது கேள்வியாகவே தோன்றவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தே வேலை செய்தனர். டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1839-ஆம் ஆண்டில் தம் முறையை உலகுக்கு வெளியிட்டபோது, பாதரச ஆவியில் படம் எழும்புவதைப் பார்த்து, போதும் என்று தோன்றிய கணத்தில் நிறுத்துவதே வழக்கம். 1840-இல் டால்பட் என்ற ஆங்கிலேயர், காகிதத்தில் மறைந்து கிடக்கும் உருவைக் காலிக் அமிலம் கலந்த நீரால் வெளிக்கொணர முடியும் என்று கண்டார். 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, ஈரம் உலரும் முன் படம் எடுத்து, ஈரம் உலரும் முன் உருத்துலக்கும் முறையை வெளியிட்டார். இந்தப் பழைய பூச்சுகள் யாவும் நீல ஒளிக்கு மட்டுமே வசப்படுவன. மஞ்சள் ஒளி அவற்றைத் தீண்டாது. எனவே கூடாரத்தினுள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, தட்டின் மேல் நீரை வழியவிட்டு, உருவம் பிறப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஒளி அதிகமாகிவிட்டதென்று கண்டால் உடனே நீரை ஊற்றி நிறுத்தலாம். மனத்துக்குப் பிடிக்காவிட்டால் அங்கேயே வேறொரு தட்டைத் தயாரித்து மறுபடியும் எடுக்கலாம்.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, 1858-ஆம் ஆண்டில் திருவரங்கத்தையும் தஞ்சையையும் மதுரையையும் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கியது பெருஞ்சாதனை. மெழுகு ஊட்டிய காகித நெகடிவுகளை அவர் பெரிதும் கையாண்டார். அந்தக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம். படம் எடுத்த பிறகும் சில நாள் பொறுக்கலாம். ஆனால் உருத்துலக்க மணிக்கணக்கில் பிடிக்கும். பொறுமையும் கண்ணும் உள்ளவருக்கு அது வசதியே. இருந்தும் ஒரு தொல்லை அவரை விடவில்லை. கோபுரத்தின் கல்லுக்குத் தேவையான அளவு ஒளியை விட்டால், நீலத்துக்கு மட்டும் பசி கொண்ட அந்தக் காகிதத்தில் வானம் அளவு கடந்து கறுத்துவிடும். அச்சில் மேகமற்ற வெறும் வெள்ளையாக வரும். கல்லுக்கும் வானுக்கும் இடையில் உள்ள தொலைவை உருத்துலக்கும் நீரால் குறைக்க அவரால் இயலவில்லை. நெகடிவின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்து சேர்த்தார். அந்த மேகங்கள் 1858-ஆம் ஆண்டு மதுரை வானத்தில் மிதந்தவை அல்ல. டிரைப்பின் தூரிகையில் பிறந்தவை. நம் கோயில்களின் பழம்படங்களை ஏடுகளில் காணும் நேயர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

1871-இல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்ந்த தட்டை முன்மொழிந்தார். 1878-இல் சார்லஸ் பென்னட் என்பவர் அந்தக் குழம்பைச் சூட்டில் பதப்படுத்தினால் ஒளியுணர்ச்சி பன்மடங்கு பெருகும் என்று காட்டினார். அதன் பிறகு தட்டுகள் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுப் பெட்டியில் விற்பனைக்கு வந்தன. கூடாரமும் கொலோடியன் புட்டியும் தேவையற்றுப் போயின. ஆனால் ஒரு புதிய சங்கடம் புகுந்தது. ஒரு கம்பெனியின் தட்டு மற்றொன்றைப் போல் இல்லை. ஒரே கம்பெனியின் இந்த மாதத் தட்டே சென்ற மாதத் தட்டைப் போல் இல்லை. பெட்டியின் மேல் 'வேகமானது', 'மிக வேகமானது' என்று அச்சிட்டிருக்கும். எதைக் காட்டிலும் வேகம் என்று சொல்லுவார் இல்லை. காமிராவில் எத்தனை விநாடி ஒளி விடுவது என்பது ஊகமாகவே முடிந்தது. ஊகம் தவறும்போது பெரும்பாலும் மிகைப் பக்கமே தவறியது. குறைத்து விட்டால் நிழல்களில் ஒன்றுமே இராது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

இந்தச் சூழ்நிலையில் இருட்டறைக் கலைஞனின் மதிப்பு ஓங்கியது. சிவப்பு விளக்கின் மங்கலில் அவன் முன் மூன்று புட்டிகள் இருக்கும். ஒன்றில் பைரோகேலால், ஒன்றில் அம்மோனியா, ஒன்றில் பொட்டாசியம் புரோமைடு. முதலாவது உருவைத் துலக்குவது; இரண்டாவது அதைத் துரிதப்படுத்துவது; மூன்றாவது அதற்குக் கடிவாளம் இடுவது. தட்டை நீரில் இட்டவுடன் உருவம் பாய்ந்து வெளிப்பட்டால், ஒளி மிகுதி என்று அறிந்து, கடிவாளத்தைக் கூட்டி, துரிதத்தைக் குறைத்து, நேரத்தையும் மாற்றுவான். சமையற்காரர் குழம்பைக் கொதிக்கவிட்டுக்கொண்டே உப்பையும் புளியையும் சரிசெய்வது போன்ற கைப்பாகம் அது. நல்ல கைப்பாகம் உள்ளவன் எவ்வளவு மிகையான ஒளியையும் செம்மைப்படுத்திவிடுவான் என்பது அக்காலத்தவர் நம்பிக்கை. பல நூல்கள் அவ்வாறே போதித்தன. அதைச் சந்தேகிப்பது அந்தத் தொழிலாளியின் கைத்திறனையே சந்தேகிப்பதாகும்.

சந்தேகித்தவர் இருவர். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் விட்னஸ் என்ற ஊர், சோடா உப்புத் தொழிற்சாலைகளின் புகையால் பேர் பெற்றது. அங்கே காஸ்கல் டீக்கன் என்ற தொழிற்சாலையில் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் ரசாயனப் பகுதியைக் கவனித்து வந்தார். அவர் ஸ்விட்சர்லாந்தில் ஷாஃப்ஹௌசன் நகரில் 1844-இல் பிறந்து, ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் புன்சன் என்ற பெரும் விஞ்ஞானியிடம் பயின்று, 1867-இல் இங்கிலாந்து சேர்ந்தவர். பிழைப்புக்காக மொழி வேறான நாட்டில் போய்க் குடியேறியவர் என்ற முறையில் நமக்கும் அவர் அந்நியரல்லர். அதே தொழிற்சாலையில் இயந்திரப் பொறுப்பில் இருந்தவர் வீரோ சார்லஸ் டிரிஃபீல்டு, 1848-இல் பிறந்தவர். இருவருக்கும் இசையில் ஈடுபாடு உண்டு. நட்பு வளர அதுவும் ஒரு காரணம். டிரிஃபீல்டுக்கு இளமை முதலே புகைப்படத்தில் ஆசை. 1876-இல் அவர் தம் நண்பரையும் அதில் இழுத்தார். ஹர்ட்டரோ ரசாயன அளவைகளில் ஊறியவர். ஏன் இத்தனை விநாடி, ஏன் இத்தனை துளி என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லாத ஒரு கலையை அவரால் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலவில்லை. ஓய்வு நேரங்களில் இருவரும் சேர்ந்து சோதனைகள் தொடங்கினர். பல்கலைக்கழகப் பதவியோ அரசாங்க உதவியோ அவர்களுக்கு இல்லை.

முதலில் ஒளியை அளக்கக் கற்றனர். 1888-இல், கணக்குப் போடும் சறுக்குச் சட்டம் போன்ற ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். நாள், மணி, லென்சின் துவாரம், தட்டின் வேகம் ஆகியவற்றை அதில் பொருத்தினால் ஒளி விட வேண்டிய நேரம் கிடைக்கும். ஆனால் தட்டின் வேகத்தை எப்படி அறிவது? அதற்காக அவர்கள் மேற்கொண்ட உழைப்பே அவர்கள் பெயரை நிலைநாட்டியது. அளவு தெரிந்த ஒரு மெழுகுவர்த்தியை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து, ஒரே தட்டின் பகுதிகளுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும் அளவில் ஒளி விட்டனர். பிறகு உருத்துலக்கி, ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு ஒளியை ஊடுருவ விடுகிறது என்று அளந்தனர். பத்தில் ஒரு பங்கு ஒளியை விடும் கறுப்புக்கு அடர்த்தி 1. நூற்றில் ஒரு பங்கை விடுவதற்கு அடர்த்தி 2. இப்படி மடக்கை முறையில் கணக்கிட்டால், அடர்த்தி என்பது அந்த இடத்தில் படிந்த வெள்ளியின் எடைக்கு நேர்விகிதத்தில் அமைகிறது என்று கண்டனர். கண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்த கறுப்பு இவ்வாறு எண்ணாயிற்று.

அந்த எண்களை ஒளியின் அளவோடு சேர்த்துக் கட்டத்தாளில் குறித்தபோது ஒரு கோடு பிறந்தது. அடியில் மெல்ல எழும்பி, நடுவில் நேராக ஏறி, உச்சியில் சாய்ந்து படுத்துக்கொள்ளும் கோடு. அடிவளைவில் விழும் நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுப்பகுதியில் விழுவன எல்லாம் தத்தம் வேறுபாட்டை அப்படியே காக்கும். உச்சிச் சாய்வில் விழும் வெள்ளைகள் மீண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வேட்டியின் மடிப்பு மறைவது அங்கேதான்.

1890-ஆம் ஆண்டு மே மாதம் ரசாயனத் தொழிற் சங்கத்தின் பத்திரிகையில் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அதில் இருந்த ஒரு முடிவுதான் இருட்டறைக் கலைஞரைச் சீற வைத்தது. உருத்துலக்கும் நேரத்தை நீட்டினாலும் குறைத்தாலும் அடர்த்திகள் அனைத்தும் ஒரே விகிதத்தில்தான் ஏறி இறங்கும். அவற்றுக்குள் உள்ள விகிதத்தை மாற்ற உருத்துலக்குபவனால் முடியாது. அது காமிராவில் ஒளி விட்ட கணத்திலேயே முடிவாகிவிட்டது என்றனர்.

இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். சரியாக ஒளி விட்ட ஒரு தட்டில் நிழலுக்கு 0.4, முகத்துக்கு 1.0, வெள்ளை வேட்டிக்கு 1.6 என்று அடர்த்திகள் அமைவதாகக் கொள்வோம். நான்கு மடங்கு ஒளி விட்டுவிட்டோம். கோட்டின் நேர்ப்பகுதியிலேயே எல்லாம் நின்றால், மூன்றும் 0.6 அளவு ஏறி 1.0, 1.6, 2.2 ஆகும். இப்போது நேரத்தைக் குறைத்து, அடர்த்தி பத்தில் ஏழு பங்காக நிற்கும்படி செய்கிறோம். 0.70, 1.12, 1.54 என்று ஆகும். வேட்டியின் கறுப்பு ஏறத்தாழச் சரியான இடத்துக்கு இறங்கிவிட்டது. பார்ப்பதற்குப் பிழை நீங்கியது போலவே தோன்றும். ஆனால் நிழலுக்கும் வேட்டிக்கும் இடையே முன்பு 1.2 இருந்த தூரம் 0.84 ஆகச் சுருங்கிப் போயிற்று. கறுப்பைக் குறைத்ததற்கு விலையாக உயிர்ப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். சரியாக எடுத்த தட்டும், மிகையாக எடுத்து நேரத்தால் திருத்திய தட்டும் ஒருபோதும் ஒன்றாகா. இதில் வேறொரு வேடிக்கையும் உண்டு. எல்லாம் நேர்ப்பகுதியில் இருக்கும்போது, நேரத்தைக் குறைக்காமல் வழக்கம்போல் கழுவி, அச்சிடும்போது மட்டும் அதிக நேரம் ஒளி விட்டால் 1.2 என்ற தூரம் அப்படியே கிடைத்துவிடும். அதாவது, பலர் பெருமையோடு செய்து வந்த திருத்தம் பல சமயங்களில் தேவையற்றது.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. எதிர்த்தவருள் காப்டன் ஏப்னி முதன்மையானவர். அவர் கைப்பழக்கத்தை மட்டும் நம்பிய சாதாரண மனிதர் அல்லர், புகைப்பட விஞ்ஞானத்தில் அக்காலத்தின் பெரிய அதிகாரி. பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கலையை எண்ணாக்கி உயிரைப் போக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. அந்தக் குற்றச்சாட்டில் எனக்கு அனுதாபம் உண்டு; நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. சுருதிப் பெட்டி வந்ததனால் சங்கீதம் கெட்டது என்பாருண்டோ?

ஆயினும் பழைய கலைஞர் முற்றிலும் பொய் சொல்லவில்லை என்பதும் பின்னர் தெளிவாயிற்று. இலண்டனில் மாணவராயிருந்த ஷெப்பர்டு, மீஸ் என்ற இரு இளைஞர்கள் ஹர்ட்டர், டிரிஃபீல்டு ஆகியோரின் ஆராய்ச்சியை மேலும் கடுமையான முறைகளால் பரிசோதித்து 1907-இல் நூலாக வெளியிட்டனர். புரோமைடு இல்லாத நீரில் விதி நன்றாகவே நின்றது. புரோமைடு சேர்ந்த நீரிலோ, உருத்துலக்கலின் முற்பகுதியில் கோடு முழுவதுமே இடம் பெயர்ந்து நின்றது. குறைந்த ஒளி பட்ட இடங்கள் அதிகமாக அடங்கின. தட்டின் வேகமே குறைந்தது போன்ற விளைவு உண்டாயிற்று. மிகை ஒளி பட்ட தட்டுக்கு வேகம் குறைவதுதானே வேண்டியது! மூன்றாம் புட்டியைக் கூட்டிய அந்தக் கிழவனாருக்குக் காரணம் சொல்லத் தெரியாதிருந்திருக்கலாம். கை பொய் சொல்லவில்லை. ஆனால் உச்சிச் சாய்வில் கலந்துவிட்ட வெள்ளைகளைப் பிரித்துத் தர அந்தப் புட்டியாலும் முடியாது. வழக்கின் தீர்ப்பு இப்படி இரு கட்சிக்கும் சிறிது சிறிது கொடுத்து முடிந்தது. பெரும்பங்கு விட்னஸ் நண்பர்களுக்கே. ராயல் புகைப்படச் சங்கம் 1898-ஆம் ஆண்டில் தன் முன்னேற்றப் பதக்கத்தை இருவருக்கும் சேர்த்து வழங்கியது. அதே ஆண்டில் ஹர்ட்டர் காலமானார். டிரிஃபீல்டு 1915 வரை வாழ்ந்தார். மீஸ் 1912-இல் அமெரிக்கா சென்று ராச்செஸ்டர் நகரில் கோடக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். ஹர்ட்டர், டிரிஃபீல்டு இருவர் பெயராலும் வழங்கிய வேக எண்கள் சோவியத் நாட்டில் 1951 வரையில் கூடப் புழக்கத்தில் இருந்தன.

கண்ணால் பார்த்துக் கழுவும் பழக்கத்துக்கு முடிவு கட்டியது இந்த வாதம் அன்று. சாயம்தான். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், சில சாயங்களைச் சேர்த்தால் தட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் தெரியத் தொடங்கும் என்று கண்டிருந்தார். 1906-இல் ராட்டன் வெயின்ரைட் கம்பெனி சிவப்பு உள்பட எல்லா நிறமும் உணரும் தட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. எல்லா நிறமும் அறிந்த தட்டுக்கு முன்னால் எந்த நிற விளக்கை ஏற்றுவது? முழு இருட்டே கதி. கண்ணுக்கு வேலை இல்லாமற் போயிற்று. கடிகாரமும் வெப்பமானியும் அதன் இடத்தில் அமர்ந்தன. இடையில் ஹெரிஃபோர்டு ஊரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் ஒரு சமரச வழியைக் காட்டியிருந்தார். உருவின் முதல் சாயல் தோன்றும் வரை எத்தனை விநாடி ஆயிற்று என்று பார்த்து, அதை அந்தந்த மருந்துக்குரிய எண்ணால் பெருக்கினால் மொத்த நேரம் கிடைக்கும்: ஹைட்ரோகுவினோனுக்கு 5 அளவில், மெட்டாலுக்கு 30 அளவில். இந்த வாட்கின்சேதான் பிற்காலத்தில், பிரிட்டனின் தொன்மைச் சின்னங்கள் நேர்கோடுகளில் அமைந்துள்ளன என்று நூல் எழுதி வேறொரு சர்ச்சையைக் கிளப்பினார். நேர்கோட்டு மோகம் சிலரை எளிதில் விடுவதில்லை.

வெப்பமானி என்றதும் நம் நாட்டு நிலைமை நினைவுக்கு வருகிறது. மேனாட்டார் தந்த நேரப்பட்டியல்கள் 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. அந்த வெப்பத்தில் 10 நிமிஷம் வேண்டிய பிலிமுக்கு 24 டிகிரியில் ஏறத்தாழ 7 நிமிஷமே போதும். சித்திரை மாதத்துச் சென்னையில் குழாய் நீர் 30 டிகிரியைத் தாண்டும். பட்டியலை அப்படியே நம்பிக் கழுவினால், சரியாக எடுத்த பிலிமும் மிகையாக எடுத்ததைப் போலக் கன்னங்கரேலென்று திரண்டு நிற்கும். ஜெலட்டின் ஊதிக் கண்ணாடியிலிருந்து கழன்றுகொள்வதும் உண்டு. அதனால் பனிக்கட்டியில் பாத்திரத்தை நிறுத்துவதும், ஜெலட்டின் ஊதாதிருக்க நீரில் சோடியம் சல்பேட்டைக் கரைப்பதும், குரோம் படிகாரத்தால் இறுக்குவதும் நம் நாட்டு இருட்டறைகளில் வழக்கமாயின. தில்லியில் குடியிருப்பவர்க்கு இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தை மாதத்துக் குளிர்நீரில் ஹைட்ரோகுவினோன் ஏறக்குறைய உறங்கிவிடும். கடிகாரம் ஓடும், கறுப்பு ஏறாது. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஆனியில் ஒரு பிழையும் தையில் மறு பிழையும் செய்யக் கூடிய ஊர் அது.

நேரத்தைக் குறைப்பது பிழைக்குப் பரிகாரம் என்ற நிலையிலிருந்து, அதுவே ஒரு கருவி என்ற நிலைக்கு உயர்ந்தது அமெரிக்காவில். ஆன்செல் ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற நிலக்காட்சிப் புகைப்படக்காரரும் ஃபிரெட் ஆர்ச்சரும் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கலைப் பள்ளி ஒன்றில் கற்பித்தபோது, 1940-ஐ ஒட்டி, காட்சியின் ஒளிகளைக் கறுப்பு முதல் வெள்ளை வரை படிப்படியாக எண்ணிட்டுத் திட்டமிடும் முறையை வகுத்தனர். கொலோடியன் கண்ட ஆர்ச்சரும் இவரும் வேறு வேறு என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் வாதத்தின் உயிர்நாடி இதுதான். நிழல்களின் அடர்த்தி உருத்துலக்கலின் முற்பகுதியிலேயே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. வெள்ளைகளோ நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகின்றன. ஆகவே நிழலில் விவரம் கிடைக்கும்படி தாராளமாக ஒளி விடு. வெள்ளைகள் அளவு மீறாதபடி நேரத்தைக் குறைத்துக் கொள். 0.84 ஆகச் சுருங்கிய அந்தத் தூரம் மங்கலான நாளில் நஷ்டம். ஆனால் உச்சி வெயிலில் கருங்கல் மண்டபத்தின் உட்புறத்தையும் வெளியே சுண்ணாம்பு அடித்த மதிலையும் ஒரே படத்தில் அடக்க வேண்டியவனுக்கு அந்தச் சுருக்கமே வேண்டியது. ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் தடையாகக் காட்டிய விதியை ஆடம்ஸ் வாசலாக்கிக் கொண்டார்.

அவர் 1941-இல் நியூ மெக்சிகோவில் எர்னாண்டெஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழுந்ததைப் படம் பிடித்த கதை பலரும் அறிந்தது. ஒளிமானி அகப்படவில்லை, கல்லறைச் சிலுவைகளில் வெயில் மறையும் தருணம், நிலவின் பிரகாசம் நினைவில் இருந்ததை வைத்துக் கணக்கிட்டு ஒளி விட்டார். பின்னர் நெகடிவை நீர்த்த மருந்திலும் வெறும் நீரிலும் மாறி மாறி வைத்து உருத்துலக்கினார். வெறும் நீரில் கிடக்கும்போது வெள்ளைப் பகுதிகளில் ஊறிய மருந்து விரைவில் தீர்ந்துவிடும். நிழற்பகுதிகளில் தீராமல் வேலை செய்துகொண்டிருக்கும். அப்படியும் முன்புற நிலம் மெலிந்தே நின்றதால், 1948-இல் அந்தப் பகுதியை ரசாயனத்தால் வலுப்படுத்தினார். இதற்கு முன்பே, 1939-இல், சூரியனையே நேராகப் படமெடுத்தபோது ஒளி அளவு கடந்து, சூரிய வட்டம் மறுதலையாக மாறிக் கறுப்பாகவே அச்சில் வந்தது. ஒளி மிகுதியின் எல்லை அது. அங்கே எந்தக் கடிகாரமும் உதவாது. ஆடம்ஸ் அந்தக் கறுஞ்சூரியனை அப்படியே படமாக வெளியிட்டார்.

பெட்டியின் மேல் அச்சிடும் வேக எண்ணைப் பற்றியும் ஒரு செய்தி. 1943-இல் அமெரிக்கத் தர நிர்ணயத்தார் வகுத்த முறையில், ஒளி குறைந்துவிடக் கூடாதே என்று பாதுகாப்புக்காக ஓர் உபரியைச் சேர்த்திருந்தனர். 1960-இல் அந்த உபரியை நீக்கினர். 200 என்றிருந்த பிலிம் அதே குழம்போடு 400 ஆயிற்று. அதுவரை பெட்டியின் சொற்படி எடுத்தவர் எல்லோரும் தங்களை அறியாமலே ஏறக்குறைய இரு மடங்கு ஒளி விட்டு வந்தார்கள் என்று அர்த்தம். யாருடைய படமும் அதனால் கெட்டுவிடவில்லை. கறுப்பு வெள்ளை பிலிம் மிகையைப் பொறுக்கும், குறையைப் பொறுக்காது என்று பழையவர் சொல்லுவதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றும் பிலிம் உபயோகிக்கும் ஆர்வலர் நாட்டில் ஆங்காங்கே உள்ளனர். அவர்கள் கையாளும் வழக்கம் ஏறத்தாழ இவ்வாறு: ஒரு மடங்கு மிகை என்றால், காட்சி மந்தமாயிருந்தால் ஒன்றும் செய்வதில்லை, வெயில் கடுமையாயிருந்தால் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கின்றனர். நான்கு மடங்கு என்றால் இன்னும் சிறிது. ஆனால் மொத்த நேரம் 5 நிமிஷத்துக்குக் கீழே போய்விட்டால் மருந்து எங்கும் சீராகப் பரவாமல் வானத்தில் கோடும் திட்டும் விழும். அப்போது மருந்தை நீர்த்துக்கொண்டு நேரத்தைச் சற்று நீட்டுவதே உசிதம். கழுவி முடிந்த பிறகுதான் மிகை தெரியவந்தது என்றால், 1883-இல் ஹோவர்டு ஃபார்மர் கண்ட முறை உண்டு: பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஹைப்போவும் கலந்த நீர் வெள்ளியைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். கை நடுங்காதவரே அதில் இறங்க வேண்டும். போன வெள்ளி திரும்பாது.

நம் நாட்டிலும் இந்தத் தொழில் வேரூன்றியது நீலகிரியில். குளிர்ந்த, தூசி குறைந்த காற்றை நாடி உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி 1960-இல் அமைக்கப்பட்டு, பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் உதவியோடு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிலிம்களுக்கு 'இந்து' என்று பெயர். சந்திரன் என்பது பொருள். வெள்ளியால் செய்யும் சரக்குக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை மொழிபெயர்ப்பாளர் எவரும் தேடித் தந்திருக்க முடியாது. எக்ஸ்ரே பிலிமும் சாதாரணப் படச்சுருளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. டிஜிட்டல் காமிராக்கள் பரவிய பின் அந்த உற்பத்தி நின்றுபோயிற்று.

டிஜிட்டல் காமிராவின் உணர்கருவிக்கு உச்சியில் மெல்லச் சாயும் வளைவு கிடையாது. ஒளி நிரம்பினால் நிரம்பியதுதான்; அதற்கு மேல் உள்ள வெள்ளைகள் அனைத்தும் ஒரே எண்ணாகிவிடும். எனவே அதைக் கையாள்பவர் ஆடம்சின் முறையைத் தலைகீழாகப் பின்பற்றுகின்றனர்: வெள்ளைக்கு அளவாக ஒளி விட்டு, நிழல்களைப் பின்னர் கணினியில் தூக்கி நிறுத்துகின்றனர்.